புதுப்பேட்டை கதவு வேலை பாய்க்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாய் அவர்களுக்கு,

வேளச்சேரியிலிருந்து வெள்ளை மாருதி 800 எடுத்துக்கொண்டு வந்த அம்மா என்றால் உங்களுக்கு நினைவு வருமோ வராதோ, 'கதவுக்குள்ள சேறு இருந்த வண்டி' என்றால் கட்டாயம் வரும். கூலி கொடுத்த அன்றே நன்றி சொல்லிவிட்டேன். அது நம் இருவருக்குள் முடிந்துபோயிற்று. நீங்கள் பார்த்த வேலையும் பார்த்த விதமும் பழைய கார் வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் தெரியவேண்டும் என்பதால் ஊரறிய இன்னொரு முறை சொல்கிறேன். உங்கள் பெயரையும் கடை இருக்கும் சந்தின் பெயரையும் எழுதவில்லை. சென்னைப் புதுப்பேட்டைக்குள் நுழைந்து கதவு வேலை பார்க்கிற பாய் எங்கே என்று கேட்டால் டீக்கடைக்காரரே கை காட்டிவிடுவார்.

கார் வேலையில் பேர் வாங்குகிறவர் எப்போதும் இன்ஜின் மெக்கானிக்தான். அடுத்தபடியாக டிங்கர், பெயின்டர். ஏசி பார்க்கிறவருக்குச் சித்திரை வைகாசியில் தனி மரியாதை உண்டு. கதவின் உள்கைப்பிடியையும் கண்ணாடி சுற்றுகிற ஹேண்டிலையும் சரிசெய்கிறவரை யாரும் பாராட்டி எழுதிப் பார்த்ததில்லை. ஆனால் காருக்குள் கை படுகிற இடங்களைக் கணக்கெடுத்தால் ஸ்டியரிங், கியர், சீட் பெல்ட் போக மிச்சத்தில் பெரும்பாலானவை கதவில்தான் இருக்கின்றன. பின் சீட்டில் உட்காருகிறவருக்குக் கதவை விட்டால் வேறு பிடிமானமே இல்லை.

எங்கள் வண்டி 1998 மாடல். உங்களிடம் வந்தபோது மூன்று கதவில் ஏதாவது ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. டிரைவர் பக்கத்துக் கண்ணாடி ஹேண்டிலைச் சுற்றினால் அது பாட்டுக்குச் சுற்றும், கண்ணாடி அசையாது. முன்பக்க இடது கதவின் ஆர்ம்ரெஸ்ட் ஒரே ஒரு ஸ்க்ரூவில் தொங்கியது. கதவின் உட்பக்கத்தை மூடுகிற டோர் பேட் கீழோரத்தில் பிளந்துகொண்டு உள்ளே தகரம் தெரிந்தது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் பின்கதவுக்குள் ஏதோ கம்பி கடகடவென்று அடித்துக்கொள்ளும். இதையெல்லாம்கூடச் சகித்துக்கொண்டு ஓட்டலாம். சகிக்க முடியாதது அந்த இடது பின்கதவுதான். உள்ளிருந்து கைப்பிடியை இழுத்தால் திறக்காது. என் மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் நான் இறங்கிச் சுற்றிவந்து வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். 'என்னைய உள்ள வச்சுப் பூட்டிட்டியேடி' என்று அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

உங்களிடம் வருமுன் சில இடங்களில் காட்டினேன். ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, 'டோர் டிரிம் இப்ப வர்றதில்ல மேடம், வண்டிய எக்ஸ்சேஞ்ச்ல போட்டுடுங்க' என்றார்கள். தெருமுனைக் கடை ஒன்றில் ஆடுகிற ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு அதைவிடத் தடித்த ஒன்றை முறுக்கி அனுப்பினார்கள். கொஞ்ச நாள் நின்றது. பிறகு ஓட்டை பெரிதானதுதான் மிச்சம்.

நீங்கள் ஸ்க்ரூ டிரைவரையே எடுக்கவில்லை. முன்கதவைத் திறந்து அதன் அடிவிளிம்பில் விரலை ஓட்டி, விரல் நுனியைத் தேய்த்துப் பார்த்தீர்கள். கதவின் கீழ்த்தகரத்தை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே காதைக் கொடுத்தீர்கள். அப்புறம் கேட்டீர்கள்: 'மிக்ஜாம்ல எவ்ளோ தண்ணி ஏறுச்சும்மா?'

சீட்டு வரைக்கும் என்றேன்.

'தண்ணி வடிஞ்சப்பறம் கதவ யார் பிரிச்சுப் பார்த்தது?'

யாரும் பிரிக்கவில்லை. 2023 டிசம்பர் முதல் வாரத்துப் புயல் மழைக்குப் பிறகு எங்கள் தெருவில் எல்லாரும் செய்ததையே நாங்களும் செய்தோம். வண்டியை டோ பண்ணி எடுத்துப்போய் இன்ஜின் ஆயில் மாற்றினோம், கார்பெட்டைக் கழற்றி மொட்டைமாடியில் காயப்போட்டோம், சீட்டை வெயிலில் வைத்தோம். பில்லில் ஒரு பக்கம் நிறைய வேலைகள் இருந்தன. கதவு என்ற சொல் அதில் இல்லை. அதைக் கேட்டுவிட்டு நீங்கள் சொன்னதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்: 'ஆடுற எடத்த இறுக்கறது பெரிய வேலையில்லம்மா. எதனால ஆடுதுன்னு தெரியணும். தெரியாம இறுக்கினா அடுத்த மாசம் வேற எடம் ஆடும்.'

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாலு பேருக்குச் சொல்ல ஆசை.

முதலில் கண்ணாடி ஹேண்டில். அதில் வெளியே ஒரு ஸ்க்ரூவும் தெரியாது. எப்படிக் கழற்றுவார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் நீங்கள் கிழிந்த பனியன் துணியில் ஒரு பட்டை கிழித்து, ஹேண்டிலுக்கும் அதன் பின்னால் இருக்கிற வட்டத் தட்டுக்கும் இடையே நுழைத்தீர்கள். இரண்டு முனையையும் பிடித்து, ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறவர் மாதிரி இப்படியும் அப்படியும் இழுத்தீர்கள். நாலாவது இழுப்பிலோ ஐந்தாவது இழுப்பிலோ 'டிக்' என்றது. ஹேண்டிலை அச்சில் பிடித்துவைத்திருக்கும் வளைந்த ஸ்பிரிங் கிளிப் துணியில் மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கடைப் பையன் அதற்குள் உள்ளங்கையைக் குவித்துக் கீழே ஏந்தியிருந்தான். 'பறந்துச்சுன்னா சாயங்காலம் வரைக்கும் தேடணும்' என்றான். எத்தனையோ பேர் இதே இடத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பி ஹேண்டிலையும் உடைத்து, பேடையும் கிழித்துவிடுகிறார்கள். உங்களுக்குப் பனியன் துணி போதுமானதாக இருந்தது.

திரும்ப மாட்டும்போது கிளிப்பை அச்சில் போடக்கூடாது, ஹேண்டிலுக்குள் முதலில் உட்கார வைத்துவிட்டு ஹேண்டிலை அச்சின்மேல் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும் என்று காட்டினீர்கள். கண்ணாடியை முழுக்க ஏற்றிவைத்து, இரண்டு பக்கமும் குமிழ் ஒரே திசையில், முழங்காலில் இடிக்காதபடி நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தட்டினீர்கள். இந்தச் சின்னக் கணக்கை யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. நீங்களாகச் செய்தீர்கள்.

டோர் பேட் கழற்றுவதற்கும் ஒரு வரிசை வைத்திருக்கிறீர்கள். கைப்பிடிச் சட்டத்து ஸ்க்ரூ, ஆர்ம்ரெஸ்ட் ஸ்க்ரூ, கண்ணாடி ஹேண்டில், அதற்கு அப்புறம்தான் பேட். பெயின்டர்கள் பட்டி பூசுகிற தட்டைப் பிளேடில் துணி சுற்றி, கிளிப் இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கொடுத்து ஒவ்வொன்றாக விடுவித்தீர்கள். நடுவில் பிடித்து இழுத்தால் கிளிப் தகரத்திலேயே நின்றுகொள்ளும், அட்டை மட்டும் பிய்ந்து வரும் என்றீர்கள். எங்கள் பேடில் ஏற்கெனவே அப்படித்தான் ஆகியிருந்தது.

பேடை எடுத்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். கதவின் உள்தகரத்தை மூடியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஷீட் பாதி கிழிந்து சுருண்டு கிடந்தது. அடியில் வண்டல் காய்ந்து படிந்திருந்தது. பேடின் பின்பக்க ஹார்டுபோர்டு ஊறி, உப்பி, கிளிப் மாட்டுகிற ஓட்டைகள் பொடிந்து போயிருந்தன. எங்கள் வீட்டுக்குள் வந்த வெள்ளம் சில நாளில் வடிந்தது. கதவுக்குள் வந்தது அங்கேயே குடியிருந்திருக்கிறது.

அன்றுதான் எனக்குத் தெரிந்தது, கார் கதவுக்குள் தண்ணீர் போவது கோளாறே இல்லை என்பது. கண்ணாடி ஏறி இறங்க ஒரு பிளவு வேண்டும். அதன் ஓரத்தில் பீடிங் ரப்பர் இருந்தாலும் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். இறங்குகிற தண்ணீர் வெளியேறுவதற்காகவே கதவின் அடியில் ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். நடுவில் இருக்கிற பிளாஸ்டிக் ஷீட், அந்தத் தண்ணீர் பேடின் அட்டைக்கு வராமல் திரும்பக் கதவுக்குள்ளேயே விழும்படி திருப்பிவிடுகிறது. ஓட்டை அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கித் தகரம் உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஷீட் கிழிந்தால் அட்டை ஊறும். அட்டை ஊறினால் கிளிப் பிடிக்காது. கிளிப் பிடிக்காவிட்டால் பேட் ஆடும். பேட் ஆடினால் அதில் மாட்டியிருக்கிற எல்லாமே ஆடும். இதை நீங்கள் கையில் ஒரு கம்பியை வைத்துக்கொண்டு, அடைத்திருந்த ஓட்டைகளைக் குத்தி எடுத்தபடியே சொன்னீர்கள்.

பல கடைகளில் கதவைத் திறந்தால் அந்த ஷீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுவார்களாம். அடுத்த முறை வேலை சுலபம் என்று. நீங்கள் கெட்டியான பாலித்தீன் ஷீட்டைக் கதவு அளவுக்கு வெட்டி, சுற்றிலும் கறுப்புப் பசை டேப் ஒட்டி, கீழோரத்தை மட்டும் தகரத்தின் திறப்புக்குள் மடித்து விட்டீர்கள். ஏன் என்றேன். 'தண்ணி உள்ள சொட்டணும்மா, வெளிய சொட்டினா ஷீட்டு போட்டும் போடாத மாதிரிதான்' என்றீர்கள்.

ஹேண்டில் வீணாகச் சுற்றியதற்கு வருகிறேன். அச்சில் இருக்கிற இரும்புப் பற்கள் சரியாகத்தான் இருந்தன. ஹேண்டிலின் பிளாஸ்டிக் பற்கள்தான் மழுங்கியிருந்தன. வேறு யாராக இருந்தாலும் புது ஹேண்டிலை மாட்டிக் கதையை முடித்திருப்பார்கள். நீங்கள் ஒரு நல்ல ஹேண்டிலை மாட்டி என்னையே சுற்றச் சொன்னீர்கள். கண்ணாடி திணறித் திணறி ஏறியது. கண்ணாடி ஓடுகிற சேனலில் காய்ந்த சேறு. அந்த இறுக்கத்தை மீறிச் சுற்றிச் சுற்றித்தான் பற்கள் மழுங்கியிருக்கின்றன. சேனலைப் பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் காயவைத்து, ரப்பருக்கு சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்தீர்கள். கண்ணாடியை ஏற்றி இறக்குகிற ரெகுலேட்டரின் நகருகிற இரும்பு இடங்களுக்கு மட்டும் கிரீஸ். ரப்பரில் கிரீஸோ தேங்காய் எண்ணெயோ தடவினால் நாலு நாள் வழுக்கிக்கொண்டு ஓடும், பிறகு தூசியைச் சேர்த்துக்கொண்டு முன்னைவிட இறுகிவிடும் என்று எச்சரித்தீர்கள். எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் வைத்தியம் நடந்ததை நான் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

புது ஹேண்டில் வாங்க ஜி.பி. ரோட்டுக்குப் போகட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றீர்கள். பையனை அனுப்பி, உடைப்புக்கு வந்த வண்டிகளிலிருந்து கழற்றிய ஹேண்டில்கள் சிலவற்றை எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொன்றின் உள்பற்களையும் நகத்தால் வருடிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தீர்கள். 'டூப்ளிகேட் புதுசவிட ஒரிஜினல் பழசு நிக்கும்மா.' சென்னையில் பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லாருக்கும் புதுப்பேட்டை தெரியும். அங்கே சாமான் வாங்கப் பேரம் பேசத் தெரிந்தால் போதும் என்று நினைத்திருப்பார்கள். எதை வாங்கக்கூடாது என்று தெரிவது அதைவிடப் பெரிய வித்தை.

ஆர்ம்ரெஸ்ட் கதை தனி. அதன் ஸ்க்ரூ நேராகத் தகரத்தில் இறங்குவதில்லை, தகரத்தின் சதுர ஓட்டையில் மாட்டியிருக்கிற நைலான் நட்டில் இறங்குகிறது. அந்த நட்டு உடைந்துபோன பிறகு எவ்வளவு தடித்த ஸ்க்ரூ போட்டும் பயனில்லை. தடித்த ஸ்க்ரூ சிதைத்திருந்த ஓட்டையைத் தட்டிச் சமனாக்கி, பின்னால் சின்னத் தகரத் துண்டு வைத்து ரிவெட் அடித்து, புது நட்டு மாட்டினீர்கள். அப்புறம் ஸ்க்ரூவை எடுத்து முதலில் எதிர்ப்பக்கமாகத் திருப்பினீர்கள். என்னடா இது, கழற்றுகிற பக்கமாகத் திருப்புகிறாரே என்று பார்த்தேன். மெல்ல 'டப்' என்று ஒரு சின்ன இறக்கம். ஸ்க்ரூ நட்டின் மரையில் விழுந்துவிட்டது. அதற்கு மேல்தான் முறுக்கினீர்கள், அதுவும் கையால். பிளாஸ்டிக்கில் போகிற ஸ்க்ரூவை எப்போதும் இப்படித்தான் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் புது மரை வெட்டிக்கொண்டு போய், கடைசியில் மரையே இல்லாமல் ஆகிவிடும் என்றீர்கள். டிரில் மெஷினில் ஸ்க்ரூ பிட்டை மாட்டிக்கொண்டு வந்த பையனை ஒரு பார்வை பார்த்தீர்களே, அவன் இனி ஜென்மத்துக்கும் கதவுப் பக்கம் அதைக் கொண்டுவர மாட்டான்.

இவ்வளவும் முடிந்த பிறகு என்னைக் கதவைச் சாத்தச் சொன்னீர்கள். வழக்கம்போல் ஓங்கிச் சாத்தினேன். தலையை ஆட்டினீர்கள். திறந்த கதவைக் கீழிருந்து தூக்கிப் பார்த்துக் கீலில் ஆட்டம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பில்லரில் பூட்டு போய் விழுகிற ஸ்டிரைக்கரைத் தளர்த்தி, ஒரு நூலளவு நகர்த்தி இறுக்கினீர்கள். அதன் பிறகு இரண்டு விரலால் தள்ளியதற்கே கதவு சாத்திக்கொண்டது. 'அறைஞ்சு சாத்துற வரைக்கும் நான் எத மாட்டிக் குடுத்தாலும் நிக்காதும்மா.' ஆர்ம்ரெஸ்ட் ஏன் கழன்றது என்ற கேள்விக்குக் கடைசிப் பதில் ஆர்ம்ரெஸ்டில் இல்லை, அதற்கு எதிர்ப்புறம் இருந்த ஸ்டிரைக்கரில் இருந்தது.

திறக்காத பின்கதவுக்கு வருவோம். கதவோரத்தில் இருக்கிற சைல்டு லாக்கை முதலில் பார்த்தீர்கள். பாதிப் பேருக்கு அதுதான் நோயாக இருக்குமாம், கார் கழுவும்போது தெரியாமல் தட்டிவிட்டிருப்பார்கள். எங்களுக்கு அது இல்லை. பேடைக் கழற்றினால், உள்கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகிற மெல்லிய இரும்புக் கம்பி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த சின்ன பிளாஸ்டிக் கிளிப் வயதாகி நொறுங்கிவிட்டது. ஸ்பீடு பிரேக்கரில் கடகடவென்று அடித்துக்கொண்டதும் அதே கம்பிதான். இரண்டு புகாருக்கும் ஒரே காரணம். புது கிளிப் போட்டு, கம்பியில் சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றி, தகரத்தில் உரசாதபடி செய்தீர்கள்.

கம்பியைக் கொஞ்சம் இழுத்து டைட்டாக மாட்டினால் கைப்பிடி ஆடாமல் இருக்குமே என்றேன். அதற்கு நீங்கள் சொன்ன பதில் எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த இடம். கைப்பிடி லேசாக ஆடத்தான் வேண்டும். அந்த ஆட்டத்தையும் எடுத்துவிட்டால் கம்பி எந்நேரமும் பூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும், கதவு முழுசாகப் பூட்டிக்கொள்ளாமல் பாதியில் நிற்கும், ஓடுகிற வண்டியில் திறந்துகொள்ளவும் கூடும். 'எல்லா லூசும் கெட்டதில்லம்மா. எது இருக்கணும், எது இருக்கக் கூடாதுன்னு பாக்கணும்.' எல்லாவற்றையும் இறுக்கிவிடுவதுதான் நல்ல வேலை என்று நினைக்கிற மெக்கானிக்குகள் இதைப் படித்தால் நல்லது.

உப்பிப்போன ஹார்டுபோர்டை நீங்கள் தூக்கிப்போடவில்லை. வெயிலில் காயவைத்து, பாரம் ஏற்றிச் சமனாக்கி, பொடிந்த ஓட்டைகளுக்குப் பின்னால் புது ஹார்டுபோர்டுத் துண்டு வெட்டி ஒட்டி, வெட்டு விளிம்புகளில் வார்னிஷ் அடித்தீர்கள். தகரத்து ஓட்டையின் அளவைப் பார்த்துத்தான் கிளிப் வாங்கவேண்டும், ஒரு மில்லிமீட்டர் மெலிந்தால் ஆடும், தடித்தால் அடுத்த முறை கழற்றும்போது அட்டையை உடைக்கும் என்றீர்கள். சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டரில் இல்லாத டோர் டிரிம் உங்கள் கடை வாசலில் இப்படித்தான் மறுபடி உருவானது.

பாய், உங்களைச் சுற்றி உலகம் வேறு கணக்குப் போடுகிறது. இந்த மாருதி 800இன் முதல் வண்டியின் சாவியை 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி கொடுத்தார். 25 லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. அதே ஆண்டு மே மாதம் அம்பாசிடரும் நின்றது. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டில் முடியும், அப்புறம் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பழைய வண்டியை வைத்திருக்காதே என்று கட்டணத்தாலேயே சொல்லிப்பார்க்கிறார்கள். புகை கக்குகிற, பிரேக் பிடிக்காத வண்டிகள் தெருவில் வரக்கூடாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் இன்ஜின் நன்றாக ஓடுகிற, எஃப்.சி. பாஸாகிற வண்டியை, ஒரு நைலான் நட்டும் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பும் கிடைக்காததால் உடைப்புக்குத் தள்ளுவது எந்தக் கணக்கிலும் சேராது.

இன்னொரு பக்கம், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென இணையதளமும் தொடங்கினார்கள். விவசாயக் கருவிகள், செல்போன் முதலான மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள் அதில் உண்டு. உதிரிபாகமும் செய்முறையும் வாடிக்கையாளருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நல்ல யோசனை. ஆனால் உதிரிபாகம் கிடைத்தால் மட்டும் போதாது, ஸ்க்ரூவை முதலில் எதிர்ப்பக்கம் திருப்பத் தெரிந்த கையும் வேண்டும். ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு இரண்டு ஆண்டு. அங்கே படிக்கிற பிள்ளைகளை ஒரு மாதமாவது உங்களைப் போன்றவர்களின் கடையில் உட்காரவைத்தால் இந்த வேலை உங்களோடு முடிந்துபோகாது.

நன்றி சொல்ல இன்னும் சில இருக்கின்றன. வேலை நடக்கும்போது என்னை 'ஓரமா உக்காருங்க மேடம்' என்று அனுப்பாமல், ஒவ்வொன்றையும் கிட்டே கூப்பிட்டுக் காட்டியதற்கு. பெண் என்பதால் விலையைக் கூட்டாமலும் விளக்கத்தைக் குறைக்காமலும் இருந்ததற்கு. உடைந்த நட்டு, நொறுங்கிய கிளிப், மழுங்கிய ஹேண்டில் எல்லாவற்றையும் பேப்பரில் மடித்துக் கையில் கொடுத்து, 'மாத்தினது இதுதான், பாத்துக்கோங்க' என்றதற்கு. வலது பின்கதவில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அதைப் பிரிக்காமல், அதற்குக் கூலியும் கேட்காமல் விட்டதற்கு. என் மாமியார் அடுத்த தடவை ஆஸ்பத்திரி வாசலில் தானே கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். 'அந்த பாய்க்கு ஒரு டப்பா முறுக்கு குடுத்துட்டு வா' என்றார். வந்து சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய கார் வைத்திருக்கிறீர்கள் என்றால் ஐப்பசி மழை பிடிக்குமுன் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். கதவின் அடி ஓட்டைகளை ஒரு மெல்லிய குச்சியால் குத்திவிடுங்கள். கண்ணாடி கனமாக ஏறினால் ஹேண்டிலை மாற்றுமுன் சேனலைச் சுத்தம் செய்யுங்கள். ஸ்க்ரூ ஆடினால் தடித்த ஸ்க்ரூ கேட்காதீர்கள், அது எதில் இறங்குகிறது என்று கேளுங்கள். கதவைப் பிரிக்கிற மெக்கானிக்கிடம் அந்த பிளாஸ்டிக் ஷீட்டைத் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இன்ஜினோடு நிறுத்தாமல் நாலு கதவையும் ஒருமுறை பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பவர் விண்டோவும் ஏர்பேக்கும் உள்ள புது வண்டிகளில் கதவுக்குள் ஒயரும் சென்சாரும் ஓடும், அதில் நீங்களே கை வைக்க வேண்டாம்.

கடைசியாக, நாலு சீட்டிலும் ஒவ்வொருவராக உட்கார்ந்து உள்ளிருந்து கதவைத் திறந்து பாருங்கள். ஒரு கதவு திறக்காவிட்டாலும், அது சரியாகும் வரை அந்த சீட்டில் யாரையும் உட்காரவைக்காதீர்கள். சரிசெய்து கொடுக்கிறவரிடம் கூலிக்குப் பேரம் பேசாதீர்கள்.


வேளச்சேரி வெள்ளை மாருதிக்காரி